இல்லாமல் போன வீட்டைத் தேடுவது: வடசென்னை ஆலைப் பகுதிக்கான வழிகாட்டி

பெரம்பூரிலோ புளியந்தோப்பிலோ தாத்தா வீடு இருந்தது, இப்போது அங்கே கிடங்கு நிற்கிறது என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. ஓட்டேரி, வியாசர்பாடி, தண்டையார்பேட்டையிலும் இதே கதைதான். பெரும்பாலும் அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது ஒரு கதவு எண்ணும் ஒரு தெருப் பெயரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பதிவேடுகள் நிலத்தின் எண்ணைப் பிடித்து ஓடுபவை. கதவு எண் அவற்றில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் வீட்டை மறந்துவிட்டு முதலில் மனையின் சர்வே எண்ணைப் பிடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

பத்திரம் இல்லை என்றவுடன் எதுவுமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சொத்து வரி ரசீது, பழைய மின் அட்டை, ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். தாள், அடகு ரசீது, தபால் அட்டை ஆகிய எல்லாவற்றிலும் முகவரி இருக்கும், தேதியும் இருக்கும். ஒவ்வொரு தாளில் உள்ள முகவரியையும் எழுத்துப் பிசகாமல் தேதி வரிசையில் எழுதி வையுங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று எண் வந்தால் பயப்பட வேண்டாம், சென்னையில் அது சகஜம்.

கதவு எண்கள் மொத்தமாக மாற்றப்பட்டதால்தான் இன்றும் பலகைகளில் ‘பழைய எண் / புதிய எண்’ என்று இரண்டும் நிற்கின்றன. 1970களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. பழைய தாளில் நாயக்கன் தெரு, முதலி தெரு, செட்டி தெரு என்று இருந்தால் பின்னொட்டை வெட்டிவிட்டுத் தேடுங்கள். மாநகராட்சி வட்ட எண்களும் நிலைத்தவை அல்ல. 2011இல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 155 வட்டங்கள் 200 ஆயின. 1990ஆம் ஆண்டு ரசீதில் உள்ள வட்ட எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். குக்ஸ் ரோடு, ஸ்டிராஹன்ஸ் ரோடு போன்ற பெயர்கள் மாறாமல் இருப்பதால் அவற்றை அடையாளமாக வைத்து மற்றத் தெருக்களைப் பொருத்தலாம்.

மனையைப் பிடிப்பது

இடம் எது என்று காலால் காட்ட முடிந்தால் வேலை பாதி முடிந்தது. தமிழ்நாடு புவிசார் தகவல் தளத்தின் நில வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டால் இன்றைய சர்வே எண் தெரியும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம் (தாலுகா), நகரம், வார்டு, பிளாக் என்ற வரிசையில் போய் நகர நில அளவைப் பதிவேட்டின் பிரதியை எடுங்கள். வட்டத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு. முன்பு பெரம்பூர்–புரசைவாக்கம் ஒரே வட்டம், பிறகுதான் பிரிந்தது.

இனி அந்த எண்ணைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். சென்னைப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் ஒரே மனைக்குப் பல எண்கள் அடுக்கி வரும்: ஓ.எஸ். என்பது பழைய சர்வே, ஆர்.எஸ். என்பது மறு அளவை, டி.எஸ். என்பது நகர அளவை, சி.சி. என்பது கலெக்டர் சான்றிதழ் எண். பழைய பத்திரத்தில் சி.சி. எண் மட்டுமே இருப்பதும் உண்டு. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பட்டியலைத் தாசில்தார் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் கேளுங்கள், ‘கோரிலேஷன்’ என்று சொன்னால் புரியும். வாய்வார்த்தையில் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பியுங்கள். ‘ஏன், எப்படி’ என்று கேள்வி கேட்காதீர்கள், ‘இந்த எண்ணுக்கான இந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். கேள்விக்கு மழுப்பலான பதில் எழுதி அனுப்பிவிடலாம், பக்கத்தைக் கேட்டால் அது அவ்வளவு சுலபமில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

அளவுகளையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு காணி 24 கிரவுண்டு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பாட்டி ‘அரை கிரவுண்டு வீடு’ என்று சொல்லியிருக்க, நீங்கள் பிடித்த சர்வே எண் 9 கிரவுண்டு என்று காட்டினால், அது உட்பிரிவுக்கு முந்தைய தாய் எண்ணாக இருக்கலாம், அல்லது நீங்கள் பக்கத்து எண்ணில் நிற்கிறீர்கள்.

வில்லங்கம் போடுவது

ஒரு சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்தில் அதைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ள பதிவுகள் கணினியில் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு ‘மேனுவல்’ போட வேண்டும்: சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் ஊழியர் அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து எழுதித் தருவார். எத்தனை ஆண்டு தேடச் சொல்கிறீர்களோ அத்தனை ஆண்டுக்குக் கட்டணம். 1900 முதல் என்று மொத்தமாகப் போடாமல் பதினைந்து, இருபது ஆண்டுத் துண்டுகளாகப் போடுங்கள். முதல் துண்டில் கிடைக்கும் பெயர்தான் அடுத்த துண்டைத் தேட உதவும்.

கணினித் தேடலில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. 1980இல் பதிவான பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால், டி.எஸ். எண்ணைப் போட்டுத் தேடும்போது அது வரவே வராது. ஆகவே ஓ.எஸ்., ஆர்.எஸ்., டி.எஸ். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, உட்பிரிவோடு ஒருமுறை, உட்பிரிவு இல்லாமல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தால் அந்த எண்ணில் எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள். அலுவலக எல்லைகளும் மாறியிருக்கும். இன்று ஓர் அலுவலகத்தின் கீழ் உள்ள தெருவுக்கு 1950இல் வேறோர் அலுவலகம் இருந்திருக்கலாம்.

வில்லங்கத்தில் ஒரு வரி கிடைத்தால் ஆவண எண், ஆண்டு, புத்தகம், வால்யூம், பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நகலுக்கு விண்ணப்பியுங்கள். விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகத்தில். எழுதியவர் இறந்துவிட்டார் என்பதற்கு இறப்புச் சான்று காட்டினால் அதன் நகலும் கிடைக்கும். 4ஆம் புத்தகத்தில் இருப்பவை சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே.

நகல் கைக்கு வந்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் பாருங்கள். அங்கே சக்குபந்தி இருக்கும்: வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு, கிழக்கே இன்னார் மனை, மேற்கே ஆலைச் சுவர். இந்தத் தேடலில் எதைவிடவும் பயன் தருவது இந்த நான்கு வரிகள்தான். உங்கள் வீட்டுப் பத்திரம் பதிவாகாமலே போயிருக்கலாம், ஆனால் பக்கத்து மனைக்காரர் 1938இல் விற்றிருந்தால் அவர் பத்திரத்தில் ‘மேற்கே இன்னார் வீடு’ என்று உங்கள் கொள்ளுத் தாத்தா பெயர் நிற்கும். சுற்றியுள்ள நான்கு மனைகளுக்கும் வில்லங்கம் போட்டு, ஒவ்வொரு பத்திரத்திலும் உங்கள் பக்கத்து எல்லையில் யார் பெயர் வருகிறது என்று ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதினால், பத்திரமே இல்லாத வீட்டுக்கும் குடியிருந்தவர் வரிசை கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: பத்திரம் எழுதுபவர்கள் பழைய பத்திரத்தின் எல்லைகளை அப்படியே பார்த்து எழுதுவது வழக்கம். இறந்து இருபது ஆண்டான ஒருவர் 1965ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இன்னும் ‘கிழக்கே’ குடியிருப்பார். எல்லையில் ஒரு பெயர் புதிதாக நுழையும் ஆண்டை நம்புங்கள், தொடர்ந்து நிற்கும் ஆண்டுகளை நம்பாதீர்கள்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். பழைய பத்திரங்களில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுச் சுழற்சி: பிரபவ என்றால் 1867–68, 1927–28, 1987–88 மூன்றுமே. முத்திரைத் தாளின் அச்சும் ரூபாய்–அணா கணக்கும் எது என்று காட்டிக்கொடுக்கும், நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. வருவாய்க் கணக்குகளில் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு, வரும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆண்டு கிடைக்கும். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

வீடு அவருடையது, மண் அவருடையதல்ல

வடசென்னையில் புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அடிமனை வாடகை. நிலம் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ ஒரு பெரிய குடும்பத்துக்கோ சொந்தமாக இருக்கும். மாதம் சில ரூபாய் மனை வாடகை கொடுத்து அதன்மேல் தன் செலவில் வீடு கட்டிக்கொண்டு மூன்று தலைமுறை வாழ்ந்திருப்பார்கள். நிலத்தின் எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் நில உடைமையாளர் பெயர் மட்டும் வரும், உங்கள் குடும்பம் வராது. ‘நம் வீடே இல்லை போலிருக்கிறது’ என்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

விடக் கூடாது. இப்படிப்பட்ட வீடுகள் ‘மேற்கட்டுமானம் மட்டும்’ என்று தனியாக விற்கப்பட்டன, அடமானம் வைக்கப்பட்டன. அந்தப் பத்திரங்களில் சர்வே எண் இல்லாமல் கதவு எண் மட்டும் இருக்கக்கூடும் என்பதால் பெயர் அட்டவணையில் தேட வேண்டும். நிலக்காரர் காலி செய்யச் சொன்னபோது குடியிருப்போர் நீதிமன்றம் போயிருந்தால் இன்னும் நல்லது. 1921ஆம் ஆண்டு சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வீடு கட்டியவர் அந்த மனையை விலைக்குக் கேட்க வழி செய்தது. அந்த வழக்குகளில் நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வீட்டை அளந்து, கூரை ஓடா, தகரமா, மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸா என்று எழுதி, வரைபடத்தோடு அறிக்கை வைப்பார். அப்படி ஓர் அறிக்கை கிடைத்தால் அறை அறையாக வீடு கண்முன் வரும். நிலம் கோயிலுடையது என்றால் அறநிலையத் துறை அலுவலகத்தில் உள்ள வாடகை நிலுவைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

ஆலை லைன் வீடுகள்

பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கின, 1920இல் இரண்டும் ஒரே கம்பெனி ஆயின, 1996இல் மூடப்பட்டன. ஆலை தன் தொழிலாளருக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் உங்கள் குடும்பம் இருந்திருந்தால் வில்லங்கத்தில் பெயர் தேடிப் பயனில்லை, அங்கே கம்பெனி மட்டுமே இருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் இதுவே கதி. இவற்றுக்கு ஆள் வழியாகத் தேட வேண்டும்: வேலைச் சான்று, இ.எஸ்.ஐ., பி.எஃப்., பிறப்பு இறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல், கிறித்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு. லைன் வீடுகள் எப்படி இருந்தன என்பதற்கு 1929–31இல் விசாரணை நடத்திய விட்லி கமிஷனின் (இந்தியத் தொழிலாளர் நிலை பற்றிய அரச கமிஷன்) சென்னை மாகாணச் சாட்சியத் தொகுதி நல்ல தொடக்கம். அது கம்பெனியும் அரசும் சொன்ன கணக்கு என்பதை மறக்காமல், தொழிற்சங்கத்தார் கொடுத்த சாட்சியத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

புளியந்தோப்புக் குடிசை என்றால் 1921ஐத் தனியாகப் பாருங்கள். அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அங்கே குடிசைகள் எரிந்தன, அதுபற்றிய அரசாணைகள் இருக்கின்றன. 1970க்குப் பிறகு காலி செய்யப்பட்ட குடிசைப் பகுதி என்றால் அந்த ஆண்டு தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் இடம். அடுக்குமாடி ஒதுக்கீடு பெற்றவர் பட்டியலில் பழைய இருப்பிடம் இருக்கும். வாரியத்தின் இன்றைய பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், மனுவில் அந்தப் பெயரை எழுதுங்கள்.

நகரத்துக்கு வெளியே இருந்த ஊர்கள்

மணலி, எண்ணூர் பக்கம் ஆலைக்காக ஊரே எடுக்கப்பட்டிருந்தால் பதிவேடுகளின் வகையே வேறு. மணலி முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர், 2018 முதல் சென்னை. பழைய ‘அ’ பதிவேடும் (சர்வே எண்வாரி நிலப் பதிவேடு) அடங்கலும் (ஆண்டுதோறும் எழுதும் சாகுபடிக் கணக்கு) இந்த மூன்றில் எங்கே தங்கிவிட்டன என்று கேட்டு அலைய வேண்டியிருக்கும். செம்பியம்கூட 1946இல்தான் நகருக்குள் வந்தது. அதற்கு முன்புள்ள காலத்துக்குக் கிராமக் கணக்கு வழியாகவே போக வேண்டும்.

கிராமத்தில் வீடுகள் நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கென விட்ட நிலத்தில், இருந்தன. நத்தம் முழுவதற்கும் ஒரே சர்வே எண், வீட்டுக்கு வீடு எண் கிடையாது. 1980களின் இறுதியில் தொடங்கிய நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் தனித்தனி எண்கள் வந்தன. 1960களில் நிலம் எடுக்கப்பட்டு இடிந்த வீட்டுக்கு வருவாய்ப் பதிவேட்டில் தனி வரியே இருக்காது. புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அளவு எடுப்பதாக இருந்தால் பழையது லிங்கில் இருக்கும் (100 லிங்க் 66 அடி), பிந்தையது மீட்டரில்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நில எடுப்புக் கோப்புதான் கதி, அது நல்ல கதியும்கூட. அப்போதிருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி 4(1) அறிவிக்கையும் 6ஆம் பிரிவு அறிவிப்பும் அரசிதழில் வந்திருக்க வேண்டும். அவற்றின் அட்டவணையில் சர்வே எண், பரப்பு, உடைமையாளர் பெயர், எல்லைகள் இருக்கும். அறிவிக்கைத் தேதியை வைத்துக்கொண்டு தீர்வாணையை, அதாவது ‘அவார்டை’க் கேளுங்கள். கட்டடத்துக்கும் கிணற்றுக்கும் மரங்களுக்கும் தனித்தனியே மதிப்புப் போட்டிருப்பார்கள். இழப்பீடு போதாது என்று குடும்பம் 18ஆம் பிரிவில் வழக்குப் போட்டிருந்தால் எல்.ஏ.ஓ.பி. (நில எடுப்பு மூல மனு) என்ற எண்ணில் நீதிமன்றத்தில் கோப்பு இருக்கும். மேல்முறையீட்டுத் தீர்ப்பு இணையத்தில் கிடைக்கலாம், ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

எழும்பூரும் உயர் நீதிமன்றமும்

அரசிதழ்களும் அரசாணைகளும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அடையாள அட்டையும், எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற கடிதமும் கொண்டுபோங்கள், கல்வி நிறுவனம் ஒன்றின் பரிந்துரை இருந்தால் அனுமதி எளிது. பென்சில் எடுத்துப் போவது நல்லது. ‘பெரம்பூரைப் பற்றி என்ன இருக்கிறது’ என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. துறை, ஆண்டு, அரசாணை எண் மூன்றும் வேண்டும். அந்தந்த ஆண்டின் அட்டவணையில் ஊர்ப் பெயர், ஆலைப் பெயர், ‘நில எடுப்பு’ ஆகிய தலைப்புகளில் பார்த்து எண்ணைப் பிடித்துப் பிறகு கோப்பைக் கேளுங்கள். ஊர்ப் பெயர்களை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும், ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பழைய தாள்கள் உடையும் நிலையில் இருப்பதால் சில கோப்புகளைத் தரமாட்டார்கள். வாதாடிப் பயனில்லை, அதே விஷயம் அரசிதழில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நகருக்குள் இருந்த சொத்தைப் பற்றிய இந்து உயில்களுக்கு நெடுங்காலம் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) பெற வேண்டியிருந்தது. அந்தக் கோப்பில் இறந்தவரின் சொத்துகள் கதவு எண்ணோடும் மதிப்போடும் பட்டியலாக இருக்கும். குடும்பத்தில் உயில் தகராறு நடந்ததாகக் காதில் விழுந்தாலே இதைத் தேடிவிடுங்கள். சண்டை போட்ட குடும்பங்களுக்குத்தான் வரலாறு நன்றாகக் கிடைக்கிறது.

மேலிருந்து பார்ப்பது

கூகுள் எர்த்தின் பழைய படங்கள் சென்னைக்கு 2000களின் தொடக்கம் வரை பின்னோக்கிப் போகும். அதற்கு முன் வேண்டுமென்றால் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள், 1960–72. ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். ஆலைக் கூரையும் ரயில் பாதையும் பெரிய காம்பவுண்டும் தெரியும், ஓட்டு வீடு ஒன்று சில புள்ளிகளாகத்தான் இருக்கும். பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த குறைந்தது ஆறு நிலையான புள்ளிகள் வையுங்கள்: கோயில், பழைய தேவாலயம், பக்கிங்காம் கால்வாயின் வளைவு, ரயில் பாதைச் சந்திப்பு. சாலை ஓரங்களை வைக்காதீர்கள், அகலப்படுத்தும்போது அவை நகர்ந்துவிடும்.

எப்போது இடிந்தது

முதியவர்களிடம் ‘எந்த வருடம்’ என்று கேட்டால் கேட்பவருக்குப் பிடித்த வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். ‘85 வெள்ளம் வந்தபோது வீடு இருந்ததா? எம்.ஜி.ஆர். இறந்தபோது எங்கே இருந்தீர்கள்? ஆலை மூடியது அங்கிருந்தபோதா, காலி செய்த பிறகா?’ என்று முன்பின் கேளுங்கள். இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டுவிடுவார்.

தாள்களில், பத்திரச் சொத்து விவரம் ‘வீடும் மனையும்’ என்பதிலிருந்து ‘காலி மனை’ என்று மாறும் இரண்டு பத்திரங்களுக்கு இடையே வீடு இடிந்திருக்கும். இதையும் அப்படியே ஏற்க முடியாது. முத்திரைக் கட்டணத்தைக் குறைக்க நின்ற வீட்டைக் காலி மனை என்று எழுதியவர்களும் உண்டு, விழுந்த வீட்டைப் பழைய பத்திரம் பார்த்து ‘நாட்டு ஓட்டு வீடு’ என்று எழுதியவர்களும் உண்டு. வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள், 2002, 2005 பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் இருக்கின்றன. அந்தக் கதவு எண்ணில் கடைசியாக ஆள் இருந்த பட்டியலும் ஆள் இல்லாத முதல் பட்டியலும் இரு முனைகள். காலி செய்த பிறகும் பெயர் நீக்கப்படாமல் நிற்கும் என்பதால் முன்முனையைவிடப் பின்முனை நம்பகமானது. சொத்து வரியை ஆதாரமாகக் கொள்ளும்போது ரசீதை விட்டுவிட்டு, மண்டல அலுவலகத்தில் மதிப்பீடு ரத்தான உத்தரவைக் கேளுங்கள். இடித்த பிறகும் ரத்துக்கு மனுக் கொடுக்காமல் பழைய எண்ணிலேயே அரையாண்டுதோறும் வரி கட்டிவந்தவர்கள் பலர்.